பழைய பூச்சிமருந்தும் வளவு மண்ணும்

பல வருடங்களுக்குப் பின் வீடு திரும்புவோர், கொட்டிலிலோ பத்தியிலோ பழைய பூச்சிமருந்துப் போத்தல்களைக் காணக்கூடும். "மண்ணில் ஊற்றுங்கள், மண் தின்றுவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அதில் பாதிதான் உண்மை.

மண்ணில் வாழும் பற்றீரியா, பங்கசு போன்ற நுண்ணங்கிகள் பல மருந்துகளைச் சிதைத்து உணவாக்குகின்றன. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப இட்டால், அதைத் தின்னக்கூடியவை பெருகும். பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயசினன் பலமுறை இட்ட வயல்களில் அம்மருந்து வேகமாக மறைந்தது. அதைச் சிதைக்கும் பற்றீரியாவைச் சேதுநாதன், யொஷிடா ஆகிய ஆய்வாளர்கள் 1973இல் அறிவித்தனர். "மருந்து முந்தியைப்போல வேலை செய்யுதில்லை" என்று நம் கமக்காரர் சொல்வதற்குப் பூச்சி பழகிப்போவது மட்டுமல்ல, சில வேளைகளில் இதுவும் காரணம். அதற்காக அளவைக் கூட்டாதீர்கள். விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

நுண்ணங்கிகள் வேலை செய்ய ஈரமும் சேதனப் பொருளும் வேண்டும். பெரும்பாலானவற்றுக்குக் காற்றும் வேண்டும். மேல்மண்ணில் இவை உண்டு. ஆழத்தில் நுண்ணங்கிகள் மிகக் குறைவு. ஒரே இடத்தில் ஊற்றிய செறிந்த மருந்து, அங்குள்ள நுண்ணங்கிகளையே கொன்றுவிட்டுக் கீழே இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணுக்கு அடியில் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். அங்கே இறங்குவது கிணற்றுக்கு வர அதிக காலம் எடுக்காது. கொதிக்க வைத்த நீரிலும் மருந்து இருக்கும்.

மருந்துக்கு மருந்து வேறுபாடும் உண்டு. மலத்தியன் ஈரமண்ணில் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் சிதையும். டி.டி.ரி. பல வருடம் கிடக்கும். இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்ட என்டோசல்பான் மண்ணில் சிதைந்தாலும், அதிலிருந்து உண்டாகும் சல்பேற்று வடிவமும் நஞ்சே. மூடிய போத்தலுக்குள் நுண்ணங்கிகளின் வேலை நடப்பதில்லை. பழையது என்பதால் அது வீரியம் இழந்துவிட்டதென நினைக்க வேண்டாம்.

போத்தலைத் திறக்காமல், மணக்காமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் நிமிர்த்தி வைத்துக் கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள். எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம். வெறும் போத்தலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ எடுக்காதீர்கள். இன்ன பொருள் என்று தெரியாத எதையும் தொடவே வேண்டாம். கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

முன்பு மருந்து தெளித்த தோட்டமாயின், உக்கிய எருவும் குழையும் தாழ்த்து, மண்ணை ஈரமாக வைத்திருங்கள். கிணற்றுக்கு அருகே மருந்து சிந்தியிருந்தால், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்கும்வரை அந்த நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம்.