பூட்டிய லீவரும் பிள்ளையின் மனமும்



சென்ற மாதம் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு தாயார் என்னிடம் வந்து, "சார், இவன் வீட்டிலே யார் சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறான். நீங்கள் நாலு அடி போடுங்கள். நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம்" என்றார். ஹெப்பகோடியில் கணவன், மனைவி இருவரும் மாறி மாறி ஷிப்டு வேலைக்குப் போகும் வீடுகள் பல. அவர் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் அடிக்க நான் ஒப்பவில்லை. காரணத்தை இங்கே சொல்கிறேன்.

நான் ரயில்வேயில் இருந்தவன். சிக்னல் கேபினில் 'இன்டர்லாக்கிங்' என்றோர் ஏற்பாடு உண்டு. பாயிண்ட் சரியாக அமைந்து பூட்டப்படாதவரை, அந்தப் பாதைக்குரிய சிக்னல் லீவரை இழுக்கவே முடியாது. அதற்காக அந்த லீவரை யாரும் யோக்கியமானது என்று பாராட்டுவதில்லை. தவறு செய்ய முடிந்தும் செய்யாதவனைத்தான் நல்லவன் என்கிறோம். அந்த 'முடிந்தும்' என்ற சொல்லில்தான் மனிதனின் சுயவிருப்பம் இருக்கிறது. பிரம்பு பிள்ளையை லீவராக்குகிறது. ஆசிரியர் வெளியே போனதும் பூட்டும் போய்விடுகிறது.

நம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர்விட்டுப் போன தமிழர்கள் நடுவே நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே, 1910-இல் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையைத் தொடங்கினார். அங்கிருந்த பிள்ளைகளுக்கு அவரே ஆசிரியர். போப் எழுதிய பாடநூலைக் கொண்டு தாம் கற்ற கொஞ்சம் தமிழை வைத்துத் தமிழும் கற்பித்தார். அங்கே பொய்யும் சண்டையுமாக ஒரு முரட்டு மாணவன் இருந்தான். ஒருநாள் காந்தியடிகள் பொறுமையிழந்து ரூலரால் அவன் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போது அவர் உடல் நடுங்கியது. பையனுக்கு வயது 17, நல்ல உடல்வலு. நினைத்தால் திருப்பி அடித்திருக்கலாம். ஆனால் அவன் அழுது மன்னிப்புக் கேட்டான். அடியின் வலியால் அல்ல, அவருடைய வேதனையைக் கண்டு அழுதான் என்று சுயசரிதையில் எழுதுகிறார். அதன்பின் அவன் ஒருநாளும் மீறவில்லை.

அடி பலித்தது என்று நாம் சொல்லுவோம். காந்தியடிகளோ சுயசரிதை எழுதும்போதும் அதற்காக வருந்தினார். அதில் கோபமும் தண்டிக்கும் எண்ணமும் கலந்திருந்தன என்று ஒப்புக்கொண்டார். அந்தப் பையனைத் திருத்தியது ரூலர் அல்ல. திருந்துவதென்று முடிவு செய்தவன் அவனே.

அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் இதற்கு நேரெதிர்க் கட்சி. சுயவிருப்பம் என்பதே இல்லை, விளைவுகளே நம் நடத்தையை உருவாக்குகின்றன என்று 1971-இல் புத்தகமே எழுதினார். ஆனாலும் தண்டனை பயன்தராத வழி என்பதே அவர் கருத்தும். எதிரெதிர்ப் பாதையில் வந்த இருவரும் பிரம்பு வேண்டாம் என்ற ஒரே நிலையத்தில் சந்திக்கிறார்கள்! 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும், அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். ஓசூர் ரோட்டைக் கடக்கையில் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க முடியாது. கையைப் பிடித்தாக வேண்டும். உயிருக்கு ஆபத்துள்ள இடத்தில் பூட்டு அவசியம். மற்ற இடங்களில் விதியைச் சொல்லி, காரணத்தையும் சொல்லி, முடிவை அவனிடம் விடலாம்.

அந்தப் பையன் ஒருநாள் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைக் கிழித்துவிட்டான். "இதை எப்படிச் சரிசெய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு புது நோட்டில் கிழிந்த பாடங்களை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தான். வகுப்பில் இன்னும் பேசுகிறான்தான், நோட்டைக் கிழிப்பதில்லை.

வீட்டில் சிந்திக்க:

1. நாம் இல்லாதபோதும் நம் பிள்ளை கடைப்பிடிக்கும் விதி எது?
2. இந்த வாரம் எந்த ஒரு முடிவை அவனிடமே விடலாம்?
3. கோபத்தில் நாம் கொடுத்த தண்டனைக்காகப் பிள்ளையிடம் வருத்தம் தெரிவித்ததுண்டா?