தம்பியின் டிக்கெட்டில் மைத்துனர் போகலாமா?

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் வசிக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு டெல்லி, ஆக்ரா போய்வர ஆசை. நான், மனைவி, 13 வயது மகள், 4 வயது மகன், எழுபதைக் கடந்த அப்பா, அம்மா, தம்பி, தம்பி மனைவி என மொத்தம் எட்டுப் பேர். ஈரோட்டிலிருந்து சென்னை சென்ட்ரல் வந்து அன்று இரவே டெல்லி ரயில் ஏற வேண்டும். தம்பிக்கு விடுப்பு கிடைப்பது கடைசி வரை உறுதியில்லை. அவன் வராவிட்டால் அதே டிக்கெட்டில் என் மைத்துனரை அழைத்துப் போகலாமா? ஆளுக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் பெர்த் உறுதி என்று தெரிந்த தரகர் ஒருவர் சொல்கிறார், நம்பலாமா? முதல் ரயில் தாமதமாகி டெல்லி ரயிலை விட்டுவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? பெட்டி திருட்டுப் போனால் ரயில்வே பொறுப்பேற்குமா? அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. சின்ன கேஸ் அடுப்பு ஒன்று எடுத்துப் போகலாமா?
– வாசகர், ஈரோடு.

பதில்: புறப்படும் முன்பே இவற்றையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். ரயில் பயணத்தில் ஒருவருக்கு உள்ள உரிமைகளில் பெரும்பகுதி டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே தரகரிலிருந்தே தொடங்குகிறேன்.

ரயில்வேயின் அங்கீகாரம் பெறாத ஒருவர் டிக்கெட் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்வது, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 'இது கவுன்ட்டர் டிக்கெட்டுக்கு எழுதிய சட்டம், ஆன்லைனுக்குப் பொருந்தாது' என்று சிலர் வாதிட்டுவந்தார்கள். ஆன்லைன் டிக்கெட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தரகர் தன் சொந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொடுத்த டிக்கெட், அவர் பிடிபட்டால் உங்களுக்குப் பயன்படாமல் போகலாம். பிறர் பெயரில் எடுத்துவைத்த டிக்கெட்டை உங்களிடம் விற்றால் நிலைமை இன்னும் மோசம். 142-வது பிரிவின்படி விற்றவரும் குற்றவாளி, வாங்கிப் பயணம் செய்தவரும் குற்றவாளி. அந்த டிக்கெட் பறிமுதலாகும். உங்களை டிக்கெட் இல்லாமல் வந்தவராகவே கருதி, கட்டணமும் அபராதமும் வசூலிப்பார்கள்.

அதேசமயம், உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கிலிருந்து அப்பாவுக்கோ, தம்பிக்கோ, நண்பருக்கோ எடுத்துக்கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. அதற்காக லாபம் வாங்கினால்தான் குற்றம். முன்பதிவு, பயண நாளைத் தவிர்த்து 60 நாள் முன்பு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை இது 120 நாளாக இருந்தது. தரகருக்குக் கொடுக்க நினைத்த 600 ரூபாயைச் சேமித்துக்கொண்டு, அந்த 60-வது நாள் காலை 8 மணிக்கு நீங்களே உட்காருங்கள். தட்கலை நம்புவதாக இருந்தால் கணக்கோடு ஆதாரை முன்கூட்டியே இணைத்துவிடுங்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு அது கட்டாயம்.

அடுத்து, எட்டுப் பேரை எப்படிப் பிரிப்பது? ஒரு டிக்கெட்டில் அதிகபட்சம் 6 பேர்தான். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் கட்டணம் இல்லை. கேட்டால் முழுக் கட்டணம். மகனை உங்களோடு படுக்கவைத்துக்கொண்டால் ஏழு பேருக்கு டிக்கெட் எடுத்தால் போதும். இதில் அப்பா, அம்மா இருவரையும் தனி டிக்கெட்டில் போடுங்கள். 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த டிக்கெட்டில் அத்தகையவர்கள் ஒருவரோ இருவரோ மட்டுமே இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகளோடு சேர்த்து எடுத்தால் இந்த ஒதுக்கீட்டில் இடம் கேட்க முடியாது. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ் பெர்த் ஒதுக்கீடு தொடர்கிறது. டிக்கெட் இரண்டாகப் பிரிவதால் இரண்டுக்கும் ஒவ்வொரு அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

மைத்துனர் விஷயத்துக்கு வருகிறேன். ரயில் டிக்கெட் வீட்டுச் சாவி போலக் கைமாற்றும் பொருளல்ல. அதில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே செல்லும். இதற்குச் சட்டம் ஒரு விலக்கு தருகிறது. உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர், தன் தாய், தந்தை, சகோதரர், சகோதரி, மகன், மகள், கணவர், மனைவி ஆகியோரில் ஒருவருக்கு அதை மாற்றித்தரக் கேட்கலாம். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே, எழுத்துமூலம், உறவுக்கும் அடையாளத்துக்கும் சான்றோடு முன்பதிவு அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டும். ஒரு முறைதான் மாற்றுவார்கள். இந்தப் பட்டியலில் மைத்துனர், மருமகன், மருமகள், பேரன், பேத்தி யாரும் இல்லை. நம் வீடுகளில் மைத்துனர் இல்லாமல் எந்தக் காரியமும் நடப்பதில்லை என்றாலும், ரயில்வே விதியில் அவருக்கு இடமில்லை. தம்பி வராவிட்டால் அவர் பெயரை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறுங்கள். மைத்துனருக்குத் தனியாக எடுங்கள். எவ்வளவு முன்னதாக ரத்துசெய்கிறீர்களோ அவ்வளவு குறைவாகப் பிடித்தம் இருக்கும். ஆகவே தம்பியிடம், 'கடைசி நாள் வரை' என்று இழுக்காமல் ஒரு வாரம் முன்பே முடிவு சொல்லச் சொல்லுங்கள். 'யார் பார்க்கப்போகிறார்கள்' என்று தம்பி பெயரிலேயே மைத்துனரை ஏற்றிவிட்டால், நடுவழியில் அவரும், டிக்கெட்டைக் கொடுத்த தம்பியும் சட்டத்தின் முன் நிற்க நேரும்.

ரயில் தாமதத்துக்கு இரண்டு பாதுகாப்புகள் உள்ளன. முதலாவது, இணைப்புப் பயண வசதி. 2019 ஏப்ரல் 1 முதல், அடுத்தடுத்த இரண்டு ரயில்களின் பி.என்.ஆர். எண்களை முன்பதிவின்போதே இணைக்கலாம். இணைத்திருந்தால், முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதை விட்டாலும் இரண்டாவது டிக்கெட்டின் பணம் ரத்துக் கட்டணம் இல்லாமல் திரும்ப வரும். இதற்கு, இரண்டு டிக்கெட்டிலும் பயணிகளின் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ரயிலில் இறங்கும் நிலையத்திலேயே அடுத்த ரயில் ஏற வேண்டும். உங்களுக்கு இரண்டுமே சென்ட்ரல் என்பதால் சிக்கல் இல்லை. அப்பா, அம்மா ஒரு டிக்கெட், மற்ற ஐவர் ஒரு டிக்கெட் என்ற பிரிப்பை ஈரோடு–சென்னைக்கும் சென்னை–டெல்லிக்கும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கிய 3 மணி நேரத்துக்குள் பணத்தைக் கோரிவிட வேண்டும்.

இரண்டாவது, நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணம் வேண்டாம் என்று முடிவெடுத்தால் முழுப் பணமும் கிடைக்கும். ரயில் அந்த நிலையத்திலிருந்து உண்மையில் கிளம்பும் முன்பே ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டி.டி.ஆர். எனப்படும் பணம் திரும்பக் கோரும் விண்ணப்பத்தைப் பதிவுசெய்ய வேண்டும். கிளம்பிய பிறகு பதிவுசெய்தால் அந்த உரிமை போய்விடும்.

தாமதத்தால் வேறு இழப்பு நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2016-இல் அஜ்மீர்–ஜம்மு ரயில் 4 மணி நேரம் தாமதமானதால், ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் விமானத்தை ஒரு குடும்பம் தவறவிட்டது. டாக்சி செலவு 15,000 ரூபாய் உட்பட இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவை 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்கான காரணம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதை ரயில்வேதான் விளக்கி நிரூபிக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நீங்கள் போவதோ டிசம்பரில். வட இந்தியப் பனிமூட்டத்தால் ரயில் தாமதமானதை ரயில்வே நிரூபித்துவிட்டால் வழக்கு நிற்காது. ஆகவே டெல்லியிலிருந்து திரும்பும்போது அரை நாளாவது இடைவெளி விட்டுத் திட்டமிடுங்கள்.

திருட்டைப் பொறுத்தவரை, முன்பதிவுசெய்து ரசீது பெறாமல் கையோடு எடுத்துச் செல்லும் உடைமைக்கு ரயில்வே தானாகப் பொறுப்பேற்காது. ஊழியரின் அலட்சியமோ தவறோ காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த பயணிக்கு இழப்பீடு இல்லை என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் இல்லாதவர்களை ஏறவிட்டு, புகார் சொல்லியும் பரிசோதகர் கண்டுகொள்ளாதபோது நேரும் திருட்டு வேறு. அதற்குச் சான்று வேண்டும். அந்நியர்கள் ஏறிய உடனேயே 139 எண்ணில் அல்லது ரயில் மதத் செயலியில் புகார் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திருட்டு நடந்தால் பயணத்தை நிறுத்த வேண்டியதில்லை. புகார்ப் படிவத்தைப் பரிசோதகரிடமோ ரயிலில் வரும் காவலரிடமோ கேட்டு எழுதிக் கொடுக்கலாம். நகைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேஸ் அடுப்பு வேண்டவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், மறைத்துக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி, இத்தகைய ஆபத்தான பொருளை ரயிலில் கொண்டுபோவதற்கு 3 ஆண்டுவரை சிறை உண்டு. அம்மாவுக்குப் புளியோதரையும் இட்லிப் பொடியும் கட்டிக்கொண்டு, ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துச் செல்லுங்கள்.

ஆன்லைனில் எடுக்கும்போது ஆளுக்கு 45 காசு கட்டணத்தில் பயணக் காப்பீடு கேட்பார்கள். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய்வரை கிடைக்கும் திட்டம் அது. தேர்வு செய்வதோடு நிற்காமல், பிறகு வரும் இணைப்பில் வாரிசு பெயரையும் பதிவுசெய்துவிடுங்கள். ரயில்வே சட்டப்படி வரும் இழப்பீடு இதற்குத் தனி. அதை ஓராண்டுக்குள் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் கேட்க வேண்டும்.

சேவைக் குறைபாட்டுக்கான நுகர்வோர் புகாரை 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கட்டணமாகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அதற்குத் தேவையானவை டிக்கெட், புகார் எண், செலவு ரசீதுகள். ஊர் திரும்பி அலுப்பு தீரும்வரையாவது இவற்றை அழிக்காமல் ஒரு உறையில் போட்டுவையுங்கள்.