மாமியா லென்ஸ், ஜிஎஃப்எக்ஸ் பாடி: சேருமா?

கேள்வி: ஒரகடம் சிப்காட்டில் உள்ள உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்கு கேட்டலாக் படம் எடுக்கிறேன். அப்பாவின் ஸ்டுடியோவில் இருந்த மாமியா 645 லென்ஸ்கள் இரண்டு என்னிடம் உள்ளன: 80 மி.மீ. எஃப் 2.8, 120 மி.மீ. எஃப் 4 மேக்ரோ. செகண்ட்ஹேண்டில் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் ஒன்று வருகிறது. அடாப்டர் போட்டு இவற்றையே வைத்து வேலை பார்க்கலாமா? ஆட்டோஃபோகஸ் பாடியை வாங்கி அப்படிச் செய்வது வீண்தானே ஐயா?

— வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: உங்கள் வேலைக்கு வீணே இல்லை. கியரும் பேரிங் ஹவுசிங்கும் மேசையில் அசையாமல் இருப்பவை. எந்த விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும் என்பது வாடிக்கையாளரிடம் பேசிய உங்களுக்குத்தான் தெரியும். பளபளக்கும் கடைசல் பரப்பில் ஆட்டோஃபோகஸ் தடுமாறுவதும் உண்டு.

லென்ஸ் மவுண்ட்டிலிருந்து ஃபிலிம் வரை மாமியா 645-இல் 63.3 மி.மீ.; ஜிஎஃப்எக்ஸில் சென்சார் வரை 26.7 மி.மீ. மீதி 36.6 மி.மீ. தான் அடாப்டர். வெறும் உலோக வளையம், உள்ளே கண்ணாடி கிடையாது. அதனால் மலிவானதில்கூடப் படத்தின் தரம் குறையாது. ஆனால் அது ஆடினால் ஒரு பக்கம் மங்கும், பார்த்து வாங்குங்கள். மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் படமெடுத்தல்' என்பதை ஆன் செய்யாவிட்டால் ஷட்டர் இயங்காது. லென்ஸில் உள்ள ஏ–எம் லீவரை எம் பக்கம் தள்ளிவிடுங்கள். ஏ-யில் இருந்தால் எஃப் 11 என்று வைத்தாலும் அப்பர்ச்சர் முழுதாகத் திறந்தே இருக்கும். சென்சார் 645 ஃபிலிமைவிடச் சிறியது என்பதால் 80 மி.மீ. இங்கே 100 மி.மீ. போலக் காட்டும்.

ஃபோகஸ் பீக்கிங்கின் வண்ணக் கோட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க அந்தக் கோடு அகலமாகும். கூர்மையான இடம் எது என்று 5 கோடி பிக்சலில் அது சொல்லாது. முழுதாகத் திறந்து தோராயமாக ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு படமெடுக்கப் போகும் அப்பர்ச்சருக்கு வந்து, திரையைப் பெரிதாக்கி மறுபடி பாருங்கள். சில லென்ஸ்களில் அப்பர்ச்சர் மாறும்போது ஃபோகஸ் சற்றே நகரும். அதனால்தான் இந்த இரண்டாவது பார்வை. மேக்ரோவில் வளையத்தைத் திருகுவதைவிட ஸ்லைடிங் ரெயிலில் கேமராவை நகர்த்துவது எளிது. பொருளின் அசல் அளவிலேயே எடுக்கும்போது எஃப் 8 ஏறத்தாழ எஃப் 16 ஆகிவிடும். அதற்கு மேல் மூடினால் படம் மழுங்கத் தொடங்கும்.

ஷாப் ஃப்ளோரில் எல்.ஈ.டி. விளக்கு இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள். 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் பட்டை விழாது. ஃபிளாஷ் 1/125 வரைதான். இந்த பாடிக்குள் அதிர்வைத் தாங்கும் வசதி இல்லை. பிரஸ் ஓடும்போது தரையே அதிரும். ஷிப்ட் மாறும் நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடும் அசெம்பிளி லைனுக்கும் ஆட்களுக்கும் இது ஒத்துவராது. அதற்கு ஃபியூஜியின் 63 மி.மீ. எஃப் 2.8 ஒன்று போதும். பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு லென்ஸுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் பக்கத்துப் புழுக்கத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்தவற்றில் ஃபங்கஸ் பிடித்திருக்கும். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் முதலில் சர்வீஸ், அப்புறம் அடாப்டர்.