மசக்கை என்று இருந்துவிடாதீர்கள்!



மருத்துவ உதவி கேட்டு ஒரு தாயார் தம் மகளுடன் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். மகள் மூன்று மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டு, தினமும் மாத்திரை சாப்பிடுபவர். "ஸ்டீராய்டு பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, நான்கு நாளாக நிறுத்தியிருந்தார். வாந்தியையும் தலைச்சுற்றலையும் மசக்கை என்றே எண்ணியிருந்தார்கள். உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், தாயும் வயிற்றுப் பிள்ளையும் தப்பினார்கள்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருப்பது பிட்யூட்டரி. தைராய்டு, அட்ரினல், கருமுட்டை, தாய்ப்பால் எல்லாவற்றுக்கும் கட்டளையிடுவது அதுதான். பிரசவ ரத்தப்போக்கால் அது கெடுவதை 1937-இல் ஷீஹான் என்ற ஆங்கிலேய மருத்துவர் விளக்கினார். அதனால் 'ஷீஹான் நோய்' என்கிறார்கள். பிரசவத்துக்குப் பின் பால் சுரக்காமை, மாதவிலக்கு திரும்பாமை, தீராத அசதி, குளிர் தாங்காமை ஆகியவை அதன் அடையாளங்கள். பல ஆண்டுகள் கழித்துத் தெரியவருவதும் உண்டு.

இக்குறை உள்ளவரும் சிகிச்சையோடு தாயாகலாம். ஆனால் குடும்பத்தார் இவற்றை அறிந்திருக்க வேண்டும்:

1. ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை, உடல் தானே சுரக்க வேண்டியதற்கு ஈடாகத் தரப்படுவது. அதன் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடுகிறது. நிறுத்தினால்தான் ஆபத்து. கடைசி மூன்று மாதங்களில் மருத்துவர் அளவைக் கூட்டுவதும் உண்டு.

2. தைராக்சின் அளவும் கர்ப்பத்தில் பெரும்பாலும் கூடும். இவர்களுக்கு டி.எஸ்.எச். அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. அதைச் சுரப்பதே பிட்யூட்டரிதான். ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராக்சினுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள்.

3. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை எவ்வளவு கூட்டுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். மாத்திரை வாந்தியில் போய்விட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

4. பிரசவத்துக்குப் போகும்போது நோயின் பெயரையும் மருந்துகளையும் எழுதிய சீட்டு கையில் இருக்கட்டும். பிரசவ வலி வந்ததும் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி போட்டு, குழந்தை பிறக்கும் வரை தொடர்ந்து தருவது வழக்கம். முதலிலேயே சொன்னால்தான் அவர்கள் ஆயத்தமாக இருப்பார்கள்.

5. பால் சுரக்காவிட்டால் அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். அது அவர் குற்றமல்ல.

ரமலானைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நிலையில் உள்ள கர்ப்பிணி மருத்துவர் தடுத்தும் நோன்பு வைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். நோயாளிக்கு அல்லாஹ் குர்ஆனில் (2:185) சலுகை தந்திருக்கிறான். அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல. விடுபட்ட நோன்பு பற்றி ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார்களே, தாய்மார்களே! உங்கள் அக்கறையை நாம் அறிவோம். அந்த அக்கறையோடு, "இன்று மாத்திரை போட்டாயா?" என்று தினமும் கேளுங்கள். மருந்து வாங்க வசதி இல்லையென்றால் தயங்காமல் அலுவலகம் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், நம்மால் ஆனதைச் செய்வோம்.