மழையை நம்பி ஒரு தொழில்

நுழையும்முன்

மரம் நடுவதற்கும் பருவம் உண்டு. அப்பருவத்தை நம்பி மாணவர் சிறுதொழில் ஒன்றைத் தொடங்க இயலுமா? தில்லியில் பயிலும் மாணவர் நால்வர் அவ்வாறு தொடங்குவதாகக் கொண்டு, இப்பாடத்தைப் படிப்போம்.

நடும் பருவம்

தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. தில்லியிலோ தென்மேற்குப் பருவமழை ஜூன் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் வரை பெய்கிறது. ஆகவே, அங்கு மரக்கன்று நடுவதற்கு ஏற்ற காலம் ஆடியும் ஆவணியும் ஆகும். 1950ஆம் ஆண்டு, நடுவண் அமைச்சர் கே. எம். முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவமும் ஜூலை முதல் வாரத்திலேயே கொண்டாடப்படுகிறது.

ஓராண்டு உழைப்பு

விற்பனை இரண்டு திங்கள், உழைப்போ ஓராண்டு. வேப்பம்பழம் உதிர்வதும் மழை தொடங்கும் காலத்தில்தான். வேப்பவிதையின் முளைப்புத்திறன் விரைவில் குன்றிவிடும். எனவே, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரங்களுக்குள் விதைத்தல் நன்று. தோட்டமண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு கலந்து, துளையிட்ட பைகளில் நிரப்பி விதைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இளங்கன்றுகளை இரவில் மூடிவைக்க வேண்டும். வைகாசியில் அனற்காற்று வீசும்போது நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். அடுத்த மழைக்கே கன்றுகள் விற்பனைக்கு வரும்.

அடக்கவிலை

நால்வரும் 100 பைகளில் விதைத்து, 900 ரூபாய் செலவிட்டனர் எனக் கொள்வோம். ஒரு கன்றின் அடக்கவிலை 9 ரூபாய் என்பது தவறு. பிழைத்தவை 60 எனில், அடக்கவிலை 15 ரூபாய். நட்டபின் பட்டுப்போகும் கன்றுகளுக்கு மாற்றாக 10 கன்றுகளை ஒதுக்கினால், அது 18 ரூபாய் ஆகும். இதனுடன் குழி தோண்டும் கூலியையும் சேர்த்தே விலை கூற வேண்டும். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆதலால் பெற்றோர் ஒருவர் பொறுப்பேற்றல் வேண்டும். பொது இடத்தில் நடுவதற்கு முன் உரியவரின் இசைவைப் பெறுதலும் வேண்டும்.

சொன்ன சொல்

நட்ட கன்றுக்குக் கடுஞ்சோதனை முதற்கோடையில் வருகிறது. அப்போது நால்வரும் எங்கிருப்பர்? கோடை விடுமுறையில், தாத்தா பாட்டியைக் காணத் தமிழ்நாட்டுக்குத் தொடர்வண்டி ஏறியிருப்பர்! கன்றுகளுக்கு நீர் ஊற்றுபவர் யார்?

இவ்வினாவிற்கு விடை கண்ட பின்னரே கன்றை விற்க வேண்டும். நால்வரும் ஒரே வாரத்தில் ஊருக்குச் செல்லாமல் முறைவைத்துக் கொள்ளலாம். கன்றை வாங்குபவரிடமே அப்பொறுப்பை முன்னதாகப் பேசி ஒப்படைக்கலாம். இரண்டும் இயலாதெனில், 50 கன்றுகளுக்கு உடன்படாமல் 20 கன்றுகளோடு நிறுத்துவதே நேர்மை. கன்றை விற்றவரை வாங்கியவர் மறந்துவிடலாம். வாயிலில் காய்ந்து நிற்கும் குச்சி நாள்தோறும் நினைவூட்டும். அது தழைத்தால், அடுத்த ஆடியில் அயல்வீட்டாரும் இவர்களைத் தேடி வருவர்.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
எரு – இயற்கை உரம்
அடக்கவிலை – ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவு
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. வேப்பவிதையை உடனே விதைக்க வேண்டும். ஏன்?
2. 80 பைகளுக்கு 720 ரூபாய் செலவாயிற்று. 45 கன்றுகள் பிழைத்தன. ஒரு கன்றின் அடக்கவிலை யாது?
3. பிரித்து எழுதுக: முதற்கோடை, அனற்காற்று.
4. நீங்கள் வாழும் ஊரில் மரம் நடுவதற்கு ஏற்ற மாதம் எது? உங்கள் சொந்த ஊரில் எது? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.