எக்ஸ்ரே எடுத்தாயிற்று, கட்டில் உயரம் எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. லண்டனில் தங்கை வீட்டோடு குடியிருக்கிறார். வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். பாத்ரூமில் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. எமர்ஜென்சியில் மாவுக்கட்டு போட்ட பிறகு, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று ஒருவர் வந்து கட்டில் உயரம் என்ன, மாடிப்படியில் கைப்பிடி எந்தப் பக்கம், பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றெல்லாம் கேட்டாராம். கழிப்பறை வரை நடக்கவிட்டு, உட்கார்ந்து எழச் சொன்னாராம். படுக்கை இல்லாததால் வீட்டுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்களா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சந்தேகம் வருவது இயல்புதான். அங்கே படுக்கைத் தட்டுப்பாடு உண்டு. எமர்ஜென்சிக்கு வருபவரை 4 மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்க வேண்டும், இல்லையேல் அனுப்ப வேண்டும் என்ற இலக்கும் உண்டு. ஆனாலும், வீட்டில் அன்றாட வேலைகளைச் சமாளிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. அவர் கேட்டவை சரியான கேள்விகள்.

வாக்கருக்கு இரண்டு கையும் வேண்டும். ஒரு கை மாவுக்கட்டில் இருந்தால் அம்மா எப்படி நடப்பார்? எக்ஸ்ரே அதைச் சொல்லாது. முன்கையை ஊன்றிக்கொள்ளத் தாங்கி வைத்த வாக்கர் இருக்கிறது. அது அவருக்குச் சரிப்படுமா என்று பார்ப்பார்கள். படியில் கைப்பிடி ஏறும்போது வலப்பக்கம் வருகிறது என்றால், இறங்கிவிடலாம், ஏற முடியாது. அப்படியானால் சில வாரங்களுக்குக் கட்டில் கீழே வரவேண்டும், பக்கத்தில் கமோடு நாற்காலி வேண்டும். நடக்கவிட்டுப் பார்த்ததற்கும் காரணம் உண்டு: நம் அம்மாக்களிடம் கேட்டால், ‘நானே எல்லாம் பார்த்துக்குவேன்’ என்றுதான் சொல்வார்கள்.

எழுந்து நிற்க முடியவில்லை என்றால், ‘இவரை அனுப்பாதீர்கள்’ என்று டாக்டரிடம் சொல்வதும் அதே தெரபிஸ்ட்தான். மற்றபடி, இந்த வயதில் காரணமில்லாமல் வார்டில் கிடப்பது நல்லதல்ல. சில நாளிலேயே கால் வலு குறையும். மொழி புரியாத இடத்தில், இரவில் மனக்குழப்பமும் வரலாம்.

தெரபிஸ்ட் கேட்காமல் விட்டிருக்கக்கூடியது ஒன்று உண்டு, தங்கையே சொல்லவேண்டும்: அம்மா வலது கையால் பிசைந்து சாப்பிடுபவர். இடது கையில் ஸ்பூன் என்றால் பலர் பாதிச் சாப்பாட்டோடு எழுந்துவிடுகிறார்கள். சேலை கட்டுவதும் ஒற்றைக் கையால் ஆகாது. சில வாரங்களுக்கு நைட்டியே போதும்.

வீட்டுக்கு வந்து குளிக்க, உடுத்தப் பழக்கும் உதவி, தேவை என்று முடிவானால், இங்கிலாந்தில் 6 வாரம் வரை கட்டணமின்றிக் கிடைக்கும். கிளம்புமுன் அதைக் கேட்டு வாங்கட்டும். வீட்டில் பேத்தி இருந்தால், அவளை வைத்து மொழிபெயர்க்காமல், மருத்துவமனையின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பேத்தி முன்னால் கழிப்பறைச் சங்கடங்களை அம்மா சொல்லமாட்டார்.

இன்னொன்று: ஏன் விழுந்தார்? படுத்திருக்கும்போதும், எழுந்து நின்ற 1, 3 நிமிடங்களிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்களா என்று தங்கை கேட்கட்டும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால், அவர் சாப்பிடும் மாத்திரைகளை டாக்டர் மறுபடி பார்க்கவேண்டும்.