ஊடக மேலாண்மைக் கல்வி

நான் பயில்வது இயற்பியல். எனினும், ஊடக மேலாண்மை பயில விழையும் தம்பி தங்கையர், "அது செய்தி எழுதும் படிப்புத்தானே?" என்று என்னிடம் வினவுவதுண்டு. அன்று, எழுதியது நாள்தோறும் வாசகரைச் சென்றடைய வழிகாணும் படிப்பு அது. கணக்கியல், விளம்பரம், ஊடகச் சட்டம் ஆகியன இளநிலை வகுப்பிலேயே இடம்பெறும்.

இவற்றின் தொடர்பை ஒரு வழக்கு விளக்கும். நாளிதழின் விலைக்கேற்பப் பக்கங்களை வரையறுத்து 1960இல் மத்திய அரசு ஆணையிட்டது. புனேயின் 'சகால்' என்னும் மராத்தி நாளிதழ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. விலையை ஏற்றினால் வாசகர் குறைவர். பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும். இரண்டுமே கருத்துரிமைக்கு ஊறு என்று கண்ட உச்சநீதிமன்றம், 1961இல் அவ்வாணை செல்லாதென்று தீர்ப்பளித்தது.

ஆகவே, நண்பர்களே, கணக்கேடு வணிகருக்கே உரியதென்று எண்ணாதீர்கள். எழுத்தின் உரிமையும் அதனுள் அடங்கியிருக்கிறது. இதை உணர்ந்து பயில்வோரே நம் இதழ்களுக்குத் தேவை.